வைரஸின் அளவுச் சட்டை

ஆளில்லாத ஒரு சட்டை தானாக நடந்து வந்து, டெய்லர் சவரிமுத்துவின் மேசையில் படுத்துக்கொண்டது. அளவுச் சட்டை வந்தால் யாருடையது என்று கேட்காமல் தைத்துக் கொடுப்பது அவர் வழக்கம். தைத்தார். தைத்தவையெல்லாம் எழுந்து தெருவில் இறங்கிப் போயின.

“போதும், நிறுத்துங்க. உடம்பு அனலாக் கொதிக்குது,” என்றாள் மனைவி தெரசம்மாள்.

“கால் எம்பேச்சைக் கேக்கலையே, தெரசா,” என்றார், மெஷினை மிதித்துக்கொண்டே.

துணி தீர்ந்தது. திரைச்சீலையும் போர்வையும் தீர்ந்தன. கடைசியில் அவளுடைய கல்யாணச் சேலையை வெட்டித் தைத்தார்; அந்தச் சட்டையும் தெருவில் இறங்கிப் போனது.

தெருக்கோடியில் அவள் தங்கை பிலோமினா, அவளும் தையல்காரிதான், சட்டைகளுக்குப் பயந்து கதவைச் சாத்தி வைத்திருந்தாள். தட்டும் சத்தம் கேட்டு இடுக்கு வழியே பார்த்தாள்.

“ஐயோ, எங்கக்கா சேலையாச்சே இது!” என்று தாழ்ப்பாளை நீக்கினாள்.