அழுதால் எரியும் விளக்கு

சேவியருக்குப் பிடரியில் ஆணி அடித்து வைத்தது போல வலித்தது. காலையிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை, சோறும் இறங்கவில்லை. மேஜை மேல் கிடந்த சர்க்யூட் போர்டில் சிவப்பு விளக்கு செத்துக் கிடந்தது.

"இப்ப அழுகுது, பாருங்கண்ணே. கண்ணுல தண்ணி கொட்டுது," என்று கிளாரா கையால் சொன்னாள். அவள் மடியில் பிள்ளை வாயைப் பிளந்து, முகம் சிவந்து துடித்தது. விளக்கு சிமிட்டவில்லை.

கிளாராவுக்கும் அவள் புருஷன் பாஸ்கலுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. பிள்ளை அழுதால் விளக்கு சிமிட்ட வேண்டும், சத்தத்தின் அளவு பக்கத்துச் சின்னத் திரையில் எண்ணாக வர வேண்டும். அதற்குத்தான் இந்தப் பெட்டி.

காது கேளாதோர் பள்ளியில் பாஸ்கலோடு ஒரே பெஞ்சில் படித்தவன் சேவியர். இப்போது நாகல் நகரில் செல்போன் ரிப்பேர் கடை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப்போட்டு, சிப்பில் புரோகிராம் ஏற்றத் தானாகவே கற்றிருந்தான்.

பாஸ்கலின் அக்கா அமலராணி பாலசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறிவிட்டாள். பிள்ளை குறைமாசத்தில் பிறந்து, வாயில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோதே அவள் தம்பியிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் அசந்து தூங்குனா பிள்ளை கத்தியே செத்துப்போகும்டா. ஏதாச்சும் வழி பண்ணு. இல்லேன்னா வீட்டுக்கு வந்த மறுநாளே நான் தூக்கிட்டுப் போயிருவேன்."

வீட்டுக்கு வந்தது நேற்று. கிளம்பும்போது ஆஸ்பத்திரி நர்ஸ் என்னவோ சொன்னாள். கிளாரா அவள் உதட்டைப் படிப்பதற்குள் நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

பாஸ்கல் கை தட்டினான். விளக்கு பளிச்சென்று சிமிட்டியது, திரையில் எண் ஏறியது. தட்டில் கரண்டியால் அடித்தான். அதற்கும் சிமிட்டியது.

"கரண்டிக்கு எரியுது, என் மக அழுதா எரியல. கணக்குல முட்டை வாங்குனவன்கிட்ட பெட்டி செய்யச் சொன்னேன் பாரு."

"உன்னையப் பாத்து எழுதித்தான்டா முட்டை. செத்த நேரம் கையக் கீழ போடு."

சேவியர் சிப்பைப் பிடுங்கினான். சின்னச் சத்தத்துக்கும் எரியும்படி புரோகிராமை மாற்றி ஏற்றி, திரும்பச் செருகினான். இப்போது விளக்கு ஓயாமல் சிமிட்டியது. மின்விசிறியை நிறுத்தியதும் அடங்கியது. புழுக்கத்தில் வியர்வை போர்டின் மேல் சொட்டியது.

பிள்ளை அழுதுகொண்டுதான் இருந்தது. விளக்கு இருட்டு. திரையில் பூஜ்யம்.

கிளாரா கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையின் தொடையைக் கிள்ளினாள். பிள்ளை உடம்பையே வில்லாக வளைத்துக் கதறியது. கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தவள், கிள்ளிய இடத்தைத் தடவித் தடவி அழுதாள்.

"அண்ணே, மதினி வந்துருவாங்க. அதுபாட்டுக்கு விட்டு விட்டு எரியிற மாதிரி எழுதிருங்கண்ணே. அவங்க போற வரைக்கும் போதும்."

"மதினிய ஏமாத்திரலாம்மா. ராத்திரி நீ யாரை ஏமாத்துவ?"

மைக்கை மாற்றினான். வயரை மாற்றினான். புரோகிராமை வரி வரியாகப் பார்த்தான். தப்பு எதுவும் தெரியவில்லை.

திடீரென்று விளக்கு சிமிட்டியது. கிளாரா துள்ளி எழுந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அமலராணி நின்றிருந்தாள். சிமிட்டியது அந்தச் சத்தத்துக்குத்தான்.

கிளாரா பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். பாஸ்கல் குறுக்கே போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். "இன்னைக்கு ஒருநா மட்டும் விடுக்கா. சேவியரு சரி பண்ணிருவான். பெட்டியிலதான் கோளாறு."

அமலராணி தம்பியை விலக்கிவிட்டு, அழுகிற பிள்ளையிடம் போனாள். தூக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். குனிந்து, பிள்ளையின் திறந்த வாயில் தன் காதை வைத்தாள். வைத்த காதை எடுக்கவே இல்லை.

அவள் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் பேசப் பேச, மேஜை மேல் விளக்கு சொல்லுக்குச் சொல் சிமிட்டியது.

"பெட்டி நல்லாத்தான்டா இருக்கு. பிள்ளைக்குத்தான் சத்தமே வரல."