கீழே அளந்த வேகம்

"என் விடையைத் திருடிட்டு என் முன்னாலயே உக்காந்து டீ குடிக்கிறாரு மேடம். பாக்கவே பத்திக்கிட்டு வருது."

ஜெயப்பிரியா பொரிந்ததும், கொடைக்கானல் ஆய்வகத்தின் தலைவர் தமயந்தி சங்கடத்தில் நெளிந்தார். மலையடிவாரக் கல்லூரியிலிருந்து வந்திருந்த மனோஜ்குமாரோ கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

ஹைட்ரோகார்பன் மூலக்கூறை லேசரால் உடைத்தால் தெறிக்கிற துணுக்குக்கு ராடிக்கல் என்று பெயர். ஆக்சிஜனைக் கண்டால் அதற்குப் பொறுக்காது, பாய்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். அந்த வேகத்தை அளக்கத்தான் ஜெயப்பிரியா வருஷக்கணக்காக இந்தக் குளிரில் மல்லுக்கட்டினாள். கோடையில் விருந்தாளியாக வந்த மனோஜ்குமாரிடம் வெள்ளந்தியாக விடையையும் காட்டினாள். இப்போது அதே எண், புள்ளிக்குப் பின்னால் இருப்பது உட்பட, அவர் பெயரில் ஆய்விதழில் அச்சாகிவிட்டது. அவளுக்கு வரவேண்டிய பெயர் அம்போ.

"இயற்கை எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா. ஒழுங்கா அளந்தா ஒரே விடைதான் வரும்" என்றார் அவர் சாவகாசமாக.

"அவர் சொல்றதும் நியாயந்தானே ஜெயா? ஆதாரம் இல்லாம ஒருத்தர் மேல பழி போட முடியுமா?" என்றார் தமயந்தி.

ஜெயப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடியவருக்கு நாற்காலியும் டீயும், பறிகொடுத்தவளுக்குப் புத்திமதியா?

"சார், மேல வந்து நீங்க எதுவும் அளக்கலைல்ல?"

"எனக்கு வேற சோலி இல்லையா? எல்லாமே கீழ, எங்க கல்லூரியிலதான். ஒவ்வொரு அளவும் நானே எடுத்தேன்."

"மேடம் முன்னால சொல்றீங்க."

"யார் முன்னால வேணும்னாலும் சொல்லுவேன்."

"அப்புறமென்ன ஜெயா, விட்டுத் தள்ளு" என்றார் தமயந்தி.

"விட்டுடறேன் மேடம். ஆனா அந்த எண்ணே தப்பு. போன வாரந்தான் கண்டுபிடிச்சேன். நம்ம அழுத்தமானி காட்டுற அளவோட வெளிக்காத்தோட அழுத்தத்தையும் கூட்டினாத்தான் உள்ள எவ்வளவு ஆக்சிஜன் இருக்குன்னு தெரியும். நான் நம்ம மலைக்காத்தோட குறைஞ்ச அழுத்தத்தைக் கூட்டாம, சமவெளிக் காத்தோட அழுத்தத்தைக் கூட்டித் தொலைச்சிட்டேன். மலைமேல உக்காந்து அளந்தா மட்டுந்தான் இது தப்பு. கீழயே அளந்த சாருக்கு என்னோட தப்பான விடை எப்படி மேடம் வந்துச்சு?"