இடது கால்

காங்கோ நாட்டில் டெட்டெலா மக்களின் அந்த ஊரில், சடங்குகளில் ஆடும் மர முகமூடிக்குள் இருப்பது யார் என்று பெண்களுக்குத் தெரியக் கூடாது. உள்ளே ஆடுவது மனிதனே இல்லை என்றுதான் அவர்கள் நம்ப வேண்டும். அகாட்ஷியும் இருபது வருஷமாக அப்படித்தான் நம்பினாள். முகமூடி இடது காலை இழுத்து இழுத்து ஆடிவிட்டுக் காட்டுக்குள் போகும். சற்று நேரத்தில் அவள் கணவன் ஜாம்பா வீங்கிய இடது காலோடு வீட்டுக்கு வருவான்.

"வேர் தடுக்கிருச்சு" என்பான்.

"பாத்து வரக் கூடாதா" என்று எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிடுவாள். அதற்கு மேல் கேட்டதில்லை.

ஜாம்பாவை அடக்கம் செய்த அன்றும் முகமூடி ஆட வந்தது. அதே வெள்ளைக் கோடுகள், அதே நார்த்தாடி. உள்ளே யாரோ புது ஆள், பாவம், வலது காலை இழுத்தான். பெண்கள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். அகாட்ஷி எழுந்து, தண்ணீர்க் குடுவையை நீட்டுகிற சாக்கில் மரக் காதருகே போனாள்.

"எடது காலுப்பா" என்றாள் மெதுவாக.

நார்த்தாடி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு முகமூடி இடது காலை இழுத்துக்கொண்டு ஆடியது, அச்சு அசலாக. பெண்களின் பார்வை பழையபடி தரைக்குத் தாழ்ந்தது.

ஆட்டம் முடிவதற்குள் அகாட்ஷி வீட்டுக்குள் போய் எண்ணெயை அடுப்பில் வைத்தாள்.