முப்பத்தொரு டெசிபெல்

ஜெரிக்கோ கம்ப்யூட்டரில் விளையாட உட்கார்ந்தாலே, அதே அறையில் படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பா மணியை ஆட்டிக் கத்துவார். "ஜீப்னி வண்டி மாதிரி உறுமுதுடா! மனுஷன் தூங்க வேணாமா?"

சத்தமில்லாத, சூடேறாத கம்ப்யூட்டர் கேபினட் தேடி, மணிலாவின் கில்மோர் தெருக் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போனான். அங்கே ஓட்டிக் காட்டாமல் யாரும் எதையும் வாங்குவதில்லை. கடைக்காரி மிலா சத்தம் அளக்கும் கருவியை மேசையில் வைத்தாள். கடையின் சத்தம் முப்பத்தெட்டு டெசிபெல். புதுக் கேபினட்டில் மாட்டிய கம்ப்யூட்டரைப் போட்டாள். முப்பத்தொன்று.

"என்னக்கா, போட்டதும் குறையுது?"

"குறைஞ்சா உனக்கு வலிக்குதா? எடுத்துட்டுக் கிளம்பு பாஸ்."

அன்று மதியமே விளையாட உட்கார்ந்தான். நடுவில் திரும்பியபோது அப்பா மணியை வேகமாய் ஆட்டிக்கொண்டிருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. ஹெட்போனைக் கழற்றினான். அப்போதும் ஒரு சத்தமும் இல்லை. இன்னும் ஒரே ஆட்டம் என்று விரலைக் காட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான்.

ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரை நிறுத்தினான். அப்பாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. மணி தரையில் கிடந்தது. கேபினட்டின் காற்றுத் துளைகளிலிருந்து மணிச்சத்தம் வரத் தொடங்கியது. கூடவே அப்பாவின் குரல்.

"ஜெரிக்கோ, மூச்சு முட்டுதுடா. திரும்பிப் பாருடா."

ஜெரிக்கோ மறுபடி கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினான். அறை அமைதியானது.