டெலிபோனுக்குக் கண் கிடையாது

“டெலிபோன் வந்த அன்னைக்கே இந்த நாட்டுல பெரியவன் சின்னவன்ங்கிற பேதம் ஒழிஞ்சு போச்சு அண்ணாச்சி. நமக்குத்தான் இன்னும் தகவல் வந்து சேரல.”

அருமைநாயகம் இதைச் சிரிக்காமல் சொன்னான். அவன் பி.ஏ. தேறியவன், தென்காசிக் கிளை அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தா. மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. திருநெல்வேலி மேலாபீசிலிருந்து நீட்டிப்பு உத்தரவு வந்தால் உண்டு. வராவிட்டால் இலத்தூருக்குத் திரும்பி அப்பாவோடு வயலில் இறங்க வேண்டியதுதான்.

தலைமைக் குமாஸ்தா நாறும்பூநாதன் நிமிரவில்லை. சாரலில் நமுத்துப் போன பைல்களை ஒவ்வொன்றாக உதறிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“எப்படின்னு கேளுங்க.”

“கேக்காட்டாலும் நீ சொல்லத்தானலே போற.”

“அதுக்குக் கண் கிடையாது. எதிராளி கோட்டுப் போட்டிருக்கானா கோவணம் கட்டியிருக்கானான்னு அதுக்குத் தெரியாது. அங்கன மேனேஜரு, இங்கன குமாஸ்தா, நடுவுல வெறும் கம்பி. கம்பிக்கு எதுக்கு அண்ணாச்சி கும்பிடு?”

டெலிபோன் மணி அடித்தது. நாறும்பூநாதன் எடுத்தார். “திருநெல்வேலி டிரங்கால்” என்று எக்ஸ்சேஞ்சு சொன்னதுதான் தாமதம், எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்கு இறங்கியது. கால்கள் தாமாகச் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளின.

“ஐயா, வணக்கம் ஐயா... ஆமா ஐயா, அதே பையன்தான். நல்லா வேலை செய்வான் ஐயா. வாய்தான் கொஞ்சம் நீளம், கைசுத்தம்... யோசிச்சுச் செய்யுங்க ஐயா.”

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரல் இன்னும் தணிந்தது.

“இங்கன சாரல் ஐயா. அங்கன வெயில் சாஸ்தியோ? காப்பியக் குறைச்சுக்கிடணும் ஐயா. மோர் குடிங்க. ஐயாவுக்குச் சூட்டு உடம்பு... உத்தரவு ஐயா.”

கருவியை வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டே நாற்காலியில் இறங்கினார். முகத்தில் ஒரு வருசத்துக் களைப்பு தெரிந்தது.

“என்ன சொன்னாரு?” என்றான் அருமைநாயகம். அந்தக் கேள்வியில் மட்டும் கிண்டல் இல்லை.

“யோசிச்சுச் சொல்லுதேன்னாங்க.”

அருமைநாயகத்துக்கு வாய் திரும்பியது. “எத்தன ஐயா போட்டியன்னு எண்ணிப் பாத்தேன், நடுவுல விட்டுப் போச்சு. மேனேஜரு போன மாசம் மதுரையில இருந்து மாறி வந்தவரு. நீங்க இந்த நாற்காலியிலேயே நரைச்சவரு. அவரு உடம்பு சூடா குளிர்ச்சியான்னு ஆபீஸ் மேனுவல்லயா போட்டிருக்கு?”

“கேள்விப்பட்டேன்.”

“காக்கா பிடிக்கதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? சரி, பேச்சுதான் அப்படி. நிப்பு எதுக்கு? செருப்ப எதுக்குக் கழத்துதிய? அவரு என்ன கம்பி வழியா எட்டியா பாக்காரு?”

“நிக்காம பேசுனா எனக்குக் குரல் வர மாட்டேங்குலே.”

“நானா இருந்தா இந்தா, இப்படி,” என்று அருமைநாயகம் இரண்டு காலையும் தூக்கி மேசைமேல் போட்டுக் காட்டினான். “யாருவே அதுன்னு கேட்டுட்டு அப்புறந்தான் பேச்சு.”

நாறும்பூநாதன் அந்தக் கால்களைப் பார்த்தார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு குடையை எடுத்தார்.

“குற்றாலத்துக்கு பஸ் ஏறுதேன். அருவி கொஞ்ச நேரம் முட்டியில விழுந்தாத்தான் நாளைக்கு நடக்க முடியும். ஆபீசப் பூட்டிட்டுச் சாவிய வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுப் போ.”

அவர் போய்ச் சிறிது நேரத்தில் மறுபடியும் மணி அடித்தது. “திருநெல்வேலி டிரங்கால்” என்றது எக்ஸ்சேஞ்சு. அருமைநாயகம் மேசைமேலிருந்து காலை எடுக்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“யாரு பேசுதது?”

“மேனேஜர் பேசுதேன்.”

நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது.

“ஐயா... வணக்கம் ஐயா.”

“தலைமைக் குமாஸ்தா இருக்காங்களா?”

“இல்ல ஐயா. முட்டுவலி ஐயா. குற்றாலத்துக்குப் போயிருக்காங்க ஐயா.”

“நீங்க யாரு, அருமைநாயகமா? உங்களுக்கு நீட்டிப்பு போட்டாச்சு. ஆர்டர் நாளைத் தபால்ல வரும்.”

“ரொம்ப நன்றி ஐயா. ஐயா புண்ணியத்துல...”

“அது இருக்கட்டும். எனக்கு ஒரு உதவி செய்யணும். என்கிட்ட பேசுத போது அவங்கள உக்காந்து பேசச் சொல்லுங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்காங்க.”

“அவங்க நிக்கது... ஐயாவுக்கு எப்படித் தெரியும் ஐயா?”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

“எங்க அப்பா குரல் எனக்குத் தெரியாதா? ஆபீஸ் நாற்காலிக்குன்னு ஒரு மரியாதை இருக்குன்னு சொல்லி, மகனுக்கு எந்திரிச்சு நிக்காங்க. மோரு குடிச்சேன்னும் சொல்லிருங்க.”

“சொல்லிருதேன் ஐயா. உத்தரவு ஐயா.”

“சரி, நீங்களும் உக்காருங்க தம்பி,” என்றது டெலிபோன்.

அருமைநாயகம் கால்விரலால் மேசைக்கடியில் தன் செருப்பைத் துழாவினான்.