கைப்பிடி இருந்த இடம்

அரிசோனா வெயிலில் டிரெய்லர் வீட்டின் தகரக் கூரை பட் பட்டென்று நெளிகிறது. கனம் தாங்கும் இடம் தேடி, வெர்லின் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே வருகிறான். எங்கும் அட்டைச் சத்தம்தான். கட்டிலோரத்தில் மட்டும் உள்ளே மரச்சட்டம் இருக்கிறது. அங்கேதான் அவன் மனைவி நடீனின் கைப்பிடி. இடுப்பு முறிந்த பிறகு அதைப் பிடித்துத்தான் எழுகிறாள். "அதக் கழட்டாத வெர்லின். நான் எப்படி எந்திரிப்பேன்?" "எந்திரிச்சு என்னத்தக் கிழிக்கப் போற? இவ்ளோ பெரிய டிவிய வேற எங்க மாட்டுறது?" திருகாணிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உருள்கின்றன. கைப்பிடி குப்பைக்கூடைக்குப் போகிறது. அதே சட்டத்தில் டிவி ஏறுகிறது; அதில் ஓடும் ஆட்டத்தின் மைதானத்துக் கூச்சலில் ஜன்னல் அதிர்கிறது. சுவரை நோக்கி நீட்டிய கையை நடீன் இன்னும் மடக்கவில்லை. அந்தக் கையில் ரிமோட்டை வைக்கிறான் வெர்லின். "இந்தா, இனிமே இதப் புடிச்சுக்கோ."