சத்தம் போடாத கூடை

ஹாலந்தில் ஒரு சின்ன ஊர் அருங்காட்சியகம். அங்கே துப்பாக்கிக்குக் கண்ணாடிப் பெட்டி, பிரம்புக் கூடைக்கு வெறும் தரை.

“போரில் நீ என்னதான் கிழித்தாய்?” என்றது துப்பாக்கி.

“நாஜிகள் தேடிய ஒரு யூதக் குழந்தையைச் சலவைக்காரி ஃபெம்க்கே எனக்குள் படுக்கவைத்து, மேலே அழுக்குத்துணி போட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டினாள். தொட்டாலே கிறீச்சென்று கத்துவேன் நான். அன்று மூச்சே விடவில்லை.”

“சும்மா இருந்ததெல்லாம் ஒரு வீரமா?” துப்பாக்கி சிரித்தது.

மறுநாள் ஒரு முதியவர் வந்தார். கூடையருகே இருந்த விவர அட்டையில் ஃபெம்க்கேயின் பெயரைப் படித்தவர், மெல்ல மண்டியிட்டுக் கூடையைத் தடவினார்.

“நன்றி,” என்றார்.

‘நன்றி நானல்லவா சொல்ல வேண்டும்? அன்று நீயும் அழவில்லையே, கண்ணே’ என்று சொல்லத்தான் கூடை வாயைத் திறந்தது. அன்று அடக்கிவைத்த சத்தமெல்லாம் ‘கிறீச்’ என்று வந்துவிட்டது.